என் தைலமும் மாயழகு வைத்தியரின் கையும்

மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்னமாட்டான் என்பார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியுமே! தைலக் கடைக்காரனுடைய முழங்காலும் அந்த வகைதான் என்பது எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சனம் நிறைந்த கடையில், எல்லார் கண்முன்னாலும் தெரியவந்தது. அந்த அதிர்ச்சி இன்றுவரை என்னை விட்டு முழுதாகப் போகவில்லை.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. கடைவீதியில் எனக்கும் என் மச்சான் காசிமுக்கும் கூட்டாக ஒரு கடை. (காசிம் என் மனைவி ஆயிஷாவின் அண்ணன். கடையில் புத்தி அவருடையது, வாய் என்னுடையது.) அரிசி, கருவாடு, துணிமணி, அவற்றோடு கொல்லையில் நானே காய்ச்சும் வாதத் தைலம். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஞாயிறு சந்தைக்கு இறங்கி வருகிறவர்கள் கொழுந்துக் கூடை இழுத்த கழுத்துக்கும், செடிகளைக் குட்டையாக்கிக் கவ்வாத்து வெட்டிய இடுப்புக்கும் ஒரு போத்தல் வாங்காமல் மலையேறமாட்டார்கள். மறுவாரம் வந்து, "மொதலாளி, உங்க தைலம் தெய்வங்க" என்பார்கள். மனதுக்குள் தவ்பா செய்து, இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சிரிப்பேன்.

என் வலது முழங்காலுக்கு மட்டும் அது வெறும் எண்ணெய். ஆயிஷா வருஷக்கணக்காகத் தேய்த்துவிட்டாள். அவள் தேய்க்கும்போதெல்லாம் நான், இதில் வேப்பெண்ணெய் எவ்வளவு, கற்பூரம் எவ்வளவு, நொச்சி இலை மட்டமான சரக்கோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரிப் பொடி சாப்பிட்டேன். அட்டை கடிக்கவிட்டேன். அட்டைதான் கொழுத்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரிதான். ஆனால் எனக்கு வலியைவிடப் பெரிய துக்கம் பள்ளிவாசலில் இருந்தது. என் தகப்பன் வயதுக் கிழவர்கள் தரையில் நெற்றி வைத்துத் தொழ, நான் சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இனி என் நெற்றி மண்ணைத் தொடும் நாள் மையித்தாகி மண்ணுக்குள் போகும் நாள்தான் என்று நினைத்து அழுததுண்டு.

அப்போதுதான் பூனாகலைத் தோட்டத்தில் மாயழகு என்றொரு வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். முற்றத்து மல்லிகை மணக்காது. அதுவே மாட்டு வண்டியில் இடுப்பு ஒடியப் பயணம் போகும் தூரத்தில் பூத்தால் ஊரே மணக்கும். புறப்பட்டேன்.

மாயழகு வைத்தியர் பெரிய மீசையும் அதைவிடப் பெரிய குரலுமாக தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் அரிசிக் கடைக்காரன் என்று மட்டும் சொன்னேன். (தைலம் விற்கிறவன் இன்னொருவரிடம் தைலத்துக்கு வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?)

"வலி எங்கன்னு சொல்ல வேணாம். நீங்க நொண்டிக்கிட்டு வர்றப்பவே பாத்துட்டேன்," என்றார். "அந்த வலியால உங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு? அதச் சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. முக்காலியைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் வெற்றிலையைக்கூட வாயில் போடாமல் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "அழாதீங்க சாமி, நான் பாயிலயே கெடந்தவ. இப்ப மலையேறிக் கொழுந்து எடுக்குறேன்" என்றாள்.

"தரையில தொழுவீங்க," என்றார் வைத்தியர், ஏதோ தம் கண்ணால் பார்த்துவிட்டவர் மாதிரி.

அங்கே என் உறவுக்காரர் ஒருவருடைய சிறு கடையில் தங்கினேன். விடியற்காலையில் சனம் பெரட்டுக்கு, அதாவது கங்காணி ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்துக்கு, நடக்கும்போது நானும் கூடவே நடந்து திரும்ப வேண்டும் என்பது வைத்தியர் கட்டளை. (கங்காணி என்னைப் புது ஆள் என்று நினைத்துக் கான், அதாவது வடிகால், வெட்டப் பிரித்துவிடப் பார்த்தார்.) சாயங்காலம் சாம்பிராணிப் புகை நடுவே, கரி பிடித்த சட்டியில் சுடச்சுடத் தைலம் வரும். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பார். கற்பூர வாசம் தெரிந்தது. கற்பூரம் இல்லாத தைலம் ஏது என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம்கூட முடியவில்லை. அஸர் தொழுகைக்கு நின்றவன், முழங்காலை மடக்கிப் பார்த்தேன். மடங்கியது! நெற்றி தரையைத் தொட்டது. எழுந்திருக்க மனமே வரவில்லை. நான் அப்படியே கிடப்பதைப் பார்த்து என் உறவுக்காரர் பயந்துபோய் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வந்தார்.

பதுளைக்குத் திரும்பியபோது ஞாயிறு. கடை நிரம்பி வழிந்தது. வண்டியை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக நடுக்கடையில் உட்கார்ந்து எழுந்து காட்டினேன். சனம் வாயைப் பிளந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"என் தைலத்தையா வாங்குறீங்க?" என்று கத்தினேன். "அதக் கொண்டுபோய் விளக்குக்கு ஊத்துங்க! பூனாகலை வைத்தியர் தாற தைலம்தான் தைலம்!"

காசிம் மச்சான் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். வாங்கிய போத்தல்களை ஒவ்வொருவராகத் திரும்ப மேசையில் வைத்தார்கள். எனக்கு அதுவும் உறைக்கவில்லை. இன்னொரு முறை உட்கார்ந்து எழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெரிய குரல் கேட்டது. "ஏங்க, வாதத் தைலம் ஒரு பன்னெண்டு போத்தல் குடுங்க. எப்பவும் வண்டிக்காரர்தான் வாங்கியாருவாரு. அவருக்குக் காய்ச்சல், அதான் நானே வந்தேன்."

மாயழகு வைத்தியர்!

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். காசிம் மச்சான் மட்டும் நிதானமாக, "இந்தத் தைலத்தையா வைத்தியரே நீங்க எல்லாருக்கும் தேக்கிறது?" என்று கேட்டார்.

"ஆமாங்க. இதவிட்டா வேற ஏது? யாருங்க இதக் காய்ச்சுறது?"

மச்சான் என்னைக் கைகாட்டினார். அவ்வளவுதான், அத்தனை பெரிய மனிதர் ஓடிவந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்களா மொதலாளி! சொல்லவே இல்லையே!"

அந்த விநாடியில் என் முழங்காலில் ஆணி இறங்கியது. பொய்யில்லை. பழைய வலி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. நானும் அரிசி மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"ஆத்தாடி! வைத்தியர் வந்ததும் வலி வந்துருச்சே!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. மேசையில் திரும்ப வைத்த அதே போத்தல்களை எடுத்துக்கொண்டு சனம் வைத்தியர் முன்னால் வரிசையில் நின்றது. "உங்க கையால தாங்க சாமி!" என் கடையில், என் தைலத்தை, என் கண்முன்னால் அவர் கையிலிருந்து வாங்கினார்கள். எப்போதும் ஒன்று வாங்குகிறவர்கள் இரண்டு வாங்கினார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவரைக் கொல்லைக்குக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். "அதில் வேறென்ன சேர்த்தீங்க? சொல்லிடுங்க."

"ஒண்ணும் சேக்கலைங்க. சூடு பண்ணுவேன்."

"அந்த மந்திரம்?"

"மந்திரமா?" அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சந்தையில சம்சாரம் வாங்கியாரச் சொன்னத மறந்துடாம இருக்கச் சொல்லிக்கிட்டு இருந்தேங்க. மொளகா, மல்லி, கருவாடு."

கருவாட்டுக்கா என் முழங்கால் மடங்கியது! அன்று மஃரிப் தொழுகைக்குத் திரும்பவும் முக்காலி. அவமானத்தைவிட ஏமாற்றம்தான் பெரிதாக இருந்தது. கைக்கு வந்த தரை மறுபடி போய்விட்டதே என்று வீட்டில் வந்து விசும்பினேன்.

ஆயிஷா முதலில் சிரித்தாள். பிறகு கோபம் வந்தது. "இஞ்சேருங்க, இத்தனை வருஷம் நான் தேச்சேனே, ஒரு நாளாவது ஒழுங்கா காலை நீட்டிக்கிட்டு இருந்தீங்களா? நொச்சி இலையத் திட்டிக்கிட்டே இருந்தா கால் எப்படிச் சுகமாகும்? அங்க நடந்தீங்க. நாலு பேரோட பேசினீங்க. கவலையில்லாம படுத்தீங்க. இங்க விடிஞ்சா கல்லா, பொழுது அடைஞ்சா கல்லா."

மறுநாள் சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு என்னை ஸ்பிரிங்வெளி ரோட்டில் நடக்கத் துரத்தினாள். தைலம் காய்ச்சும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக் காசிம் மச்சானிடம் கொடுத்தாள். அதில் என்ன சேர்கிறது என்று எனக்குச் சொல்லக்கூடாது என்று தடையும் போட்டாள். வலி முழுதாகப் போனது என்றால் பொய். சில நாள் முக்காலி, பல நாள் தரை என்று ஆயிற்று. நான் அதற்கே அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் குடும்பத்தில் என் பெயர் கெட்டது கெட்டதுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் என் கையால் மருந்து வாங்குவதில்லை. தலைவலிக்கு நான் தைலத்தை எடுத்தால் பிள்ளைகள், "வாப்பா தொட்டா பலிக்காது, வைங்க" என்று அலறுவார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் எனக்குத் தாம்பூலம் தரும்போதுகூட, "வைத்தியர் கை பட்டதுதான், பயமில்லாம போடுங்க" என்பார்கள்.

போன மழைக்காலத்தில் ஆயிஷாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மகள்கள் மூவரும் தைலச் சட்டியோடு சுற்றி நின்றார்கள். ஒருத்தி தேய்த்தால் அழுத்தம் போதவில்லை, இன்னொருத்தி தேய்த்தால் வலிக்கிறது. நான் வாசலில், பேச உரிமையில்லாதவனாக நின்றேன்.

"எல்லாரும் போங்க. அவரை வரச் சொல்லுங்க," என்றாள் ஆயிஷா.

"உம்மா! வாப்பா கையாலயா?"

"எனக்கு அந்தக் கைதான் வேணும்."

போய் உட்கார்ந்து தேய்த்தேன். "ஏதாவது முணுமுணுக்கவா?" என்று கேட்டேன்.

"கொத்தமல்லி, சீனி, தேங்காய். நாளைக்கு மறந்துடாதீங்க," என்றாள் கண்ணை மூடிக்கொண்டு.

கொத்தமல்லி, சீனி, தேங்காய் என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தேன். மூன்றாம் தேங்காய்க்குள் அவள் தூங்கிவிட்டாள்.