என் இடுப்பில் நான் போட்ட எல்லைக் கோடு

மதிப்புக்குரிய அக்காவுக்கு, வீட்டிலும் அலுவலகத்திலும் ‘அங்குலம்’ என்று பெயர் வாங்கிய தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வழியில்லை, ஏனென்றால் என் மனைவி என்னிடம் பேசிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அங்கே நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. உங்கள் மகள் வீட்டுக் கூடத்தில் சோபாவில் படுத்துக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சோபா ஐந்தடி இரண்டு அங்குலம். நீங்கள் ஐந்தடி நாலு. அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இனிமேல் எங்களோடுதான் என்று முடிவாகி, இரண்டு பெட்டியும் ஒரு பச்சைக் கம்பளிப் போர்வையுமாக நீங்கள் வந்து இறங்கினீர்கள். மூன்றாம் நாள் குளிர்கிறது என்று நான் முனகியதும் அந்தப் போர்வையை உங்கள் கையாலேயே எனக்குப் போர்த்திவிட்டீர்கள். மறுநாள் குளித்துவிட்டுத் துடைக்கும்போது பார்க்கிறேன், இடது இடுப்பில் காசு அளவுக்கு மூன்று சிவந்த திட்டு. அரிப்பில்லை, வலியில்லை. பேசாமல் விட்டிருக்கலாம். நான் எதைத்தான் பேசாமல் விட்டிருக்கிறேன், தெருமுனை டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவரும் பொறுமையாகத்தான் சொன்னார். பூச்சிக்கடியாக இருக்கலாம், புதுச் சோப்பு, இறுக்கமான எலாஸ்டிக், வியர்வை, ஏதாவது மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம், சிலது காரணமே சொல்லாமல் வந்து தானாகப் போய்விடும், சொறியக் கூடாது, ஈரத்துணி வைக்கலாம், கண்ட களிம்பையும் தடவக் கூடாது, காய்ச்சல் வந்தாலோ, வேகமாகப் பரவினாலோ, அழுத்திப் பார்த்தும் சிவப்பு மறையாவிட்டாலோ உடனே வர வேண்டும் என்றார். இதோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் இன்று இங்கே இருந்திருப்பீர்கள். போகிற போக்கில், “பரவுதான்னு தெரியணும்ல, சுத்திப் பேனாவால ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்தவனிடம் கோடு போடச் சொல்லலாமா அக்கா?

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய பையை இறக்கி, எல்லைக் கல்லில் எண் எழுதுகிற தடித்த மார்க்கரை எடுத்தேன். மழை பெய்தாலும் போகாத மை அது. மூன்று திட்டையும் வளைத்துக் கோடு போட்டு, மூலைக்கு மூலை எண் கொடுத்து, தேதியும் போட்டேன். மறுநாள் பார்த்தால் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. அதற்கு வெளியே இன்னொரு கோடு போட்டேன். அதற்கு அடுத்த நாள் அதையும் தாண்டிவிட்டது. ஏழு நாளில் இடுப்பிலிருந்து விலா வரைக்கும் ஏழு கோடு. கட்டம் போட்ட தாளில் என் உடம்பை வரைந்து, தலைப்பக்கம் வடக்கு என்று குறித்துக்கொண்டேன். சோப்பு பழசு, எலாஸ்டிக் அதைவிடப் பழசு, மாத்திரை கிடையாது. புதிதாக வந்தது என்ன என்று யோசித்தேன். வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன், அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து, விசாரணை அதிகாரி மாதிரி உங்களை எதிரே உட்காரச் சொன்னேன்.

“போர்வைதான் காரணம்னா வெளியில போட்டுடுறேன்டா” என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். “போர்வை மட்டுந்தான் புதுசா வந்துச்சா?” என்று கேட்டேன். போர்வையைக் கொண்டுபோய் பால்கனிக் கொடியில் போட்டீர்கள், சாயங்காலம் மகளை வரச்சொல்லிப் பெட்டிகளோடு போய்விட்டீர்கள். அப்பா வீட்டைப் பாகம் பிரித்தபோது சமையலறை நடுவில் சுண்ணாம்புக் கோடு கிழித்தவனும் நான்தான். அன்றைக்கும் நீங்கள் ஜன்னல் இருந்த பக்கத்தை எனக்கு விட்டுவிட்டுப் போனீர்கள். இந்த இரண்டு கோட்டுக்கும் சேர்த்துத்தான் இப்போது வருத்தப்படுகிறேன்.

நீங்கள் போன மறுநாள், பரவிவிட்டதே என்று டாக்டரம்மாவிடம் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். நர்ஸ் பாட்டில் பாட்டிலாக எதையோ ஊற்றி மையைத் துடைத்தாள். கோடு இருந்த இடமெல்லாம் கோடு மாதிரியே சிவப்பு. முதலில் வந்த மூன்று திட்டு மட்டும் அங்கே இல்லை. அவை எப்போதோ போய்விட்டிருக்கின்றன. எந்தப் பேனா என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “பரவுதான்னு பாருங்கன்னு சொன்னேன் சார், நீங்களே பரப்பிட்டு வந்திருக்கீங்க” என்றார். என் தோலுக்கு அந்த மை ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆறு நாள் ஈரத்துணியில் எல்லாம் அடங்கிவிட்டது. முதல் மூன்று எதனால் வந்தது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் போர்வை மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதை இந்தக் கடிதத்தின் மூலம் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். கட்டிலை ஜன்னல் பக்கமாக நகர்த்திப் போட்டேன், எதையும் அளக்கவில்லை. என்னைத் திட்ட வேண்டுமானால் இங்கே வந்து சாவகாசமாகத் திட்டலாம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு என் நமஸ்காரம்.

தங்கள் தம்பி,
அங்குலம்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, போர்வையிடமும் மன்னிப்புக் கேட்டதாக இருக்கட்டும் என்று அதைப் போர்த்திக்கொண்டு மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்தேன். எழுந்து பார்த்தால் கழுத்தோரம், போர்வை பட்ட இடத்தில் மட்டும், சொல்லிவைத்தாற்போல் மூன்று சிவந்த திட்டு. மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பேனாவைத் திறந்தேன். உங்கள் தம்பி பெண்டாட்டி பன்னிரண்டு நாளுக்கு அப்புறம் வாயைத் திறந்து, “அடிங்க பாக்கலாம்” என்றாள். அடிக்கவில்லை. மார்க்கர் குப்பைக்குப் போய்விட்டது. ஈரத்துணி வைத்திருக்கிறேன். கோடு எதுவும் போடவில்லை. வா அக்கா, போர்வையும் இங்கேயே இருக்கட்டும்.