ஒன்னக் கழிச்சிருங்க, டொக்டர்

கந்தப்பளை,
ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சு.

மரியாதைக்குரிய மச்சான் இராமையா அவர்களுக்கு, உங்கள் தங்கை மீனம்மாவின் வீட்டுக்காரன் வீரய்யா கும்பிட்டு எழுதிக்கொள்வது. நோட்டன் பிரிட்ஜில் எல்லோரும் சுகமாக இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவீர்கள் என்பதால், இதை அங்கே வரும் எங்கள் பக்கத்து வீட்டு நிஷாந்தி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மீனம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள். கூடை மேலேயே விழுந்ததால் அடி இல்லை. ரத்தம் குறைவு என்றார்கள். ரத்தம் கொடுக்க எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இங்கே ஒரே பனிமூட்டம், மச்சான். வார்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கட்டில்கள் மெதுவாக மிதக்கின்றன. நர்ஸ்மார் பஞ்சு மேல் நடக்கிறார்கள். வாசல் படி, ஏற ஏற நீளுது. அந்தப் பனிக்குள்ள இருந்து யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா யசோதினி வந்தாங்க. ரத்தத்துக்கு ஒரு எண் இருக்காம். "ஏழுக்குக் கீழ போனால்தான் ஐயா ரத்தம் ஏத்துவம். இவவுக்கு ஏழரை இருக்கு. மூச்சு வாங்கேல்லை, நெஞ்சு நோகேல்லை. இரும்புச்சத்து மருந்து ஏத்தினால் காணும்"னாங்க. நான் விடல. "கொழுந்து நிறுக்கிறப்ப தண்ணிக்குன்னு ஒரு கிலோ கழிக்கிறாங்கல்ல, அது மாதிரி ஒன்னக் கழிச்சிருங்க, டொக்டர். ஆறரை ஆயிரும்"னேன். அவங்க சிரிச்சிட்டாங்க. "ரத்தமும் மருந்துதான் ஐயா. தேவையில்லாமல் ஏத்தக்கூடாது." மீனம்மா என்னையத்தான் வையிறா. "மானத்த வாங்காதீங்க. மொதல்ல ஒக்காருங்க, ஆடுறீங்க." நான் எங்க ஆடுறேன்? அவ கட்டில்தான் ஆடுது.

மச்சான், நீங்க வந்து டொக்டர் அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசுங்க. அவ இல்லாம அந்த லயத்துக் காம்பராவுல நான் என்னா செய்வேன்? இப்ப மொத ஆளா நானே ரத்தம் குடுக்கப் போறேன். அதக் கண்ணால பார்த்தா டொக்டர் அம்மா மனசு எளகிரும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. மாரியம்மா எல்லாரையும் காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
வீரய்யா

பி.கு.: வர வேணாம் மச்சான். டொக்டர் அம்மா மனசு எளகணும்னு எழுதினதெல்லாம் வாபஸ். ரத்தம் எடுக்க முந்தி விரல்ல குத்திப் பார்த்தாங்க. எனக்கு ஆறாம். படி ஏறினா எப்படி இருக்குன்னு கேட்டாங்க, நீளுதுன்னு சொன்னேன். ஒடனே படுக்க வச்சு, யாரோ புண்ணியவான் ரத்தத்த ஏத்துறாங்க. மருந்துக் கம்பத்த உருட்டிக்கிட்டு மீனம்மா ஆம்பள வார்டுக்கு வந்து பக்கத்துல ஒக்காந்திருக்கா. பாதி இறங்கினதும் சன்னலப் பார்த்தேன், பனியக் காணோம். அவகிட்ட கேட்டேன். காலையில இருந்தே நல்ல வெயில்தானாம்.