பிரெஞ்சுக் கிராமத்துக் கிணறுகளை நான் விசாரித்த கதை

சாதி விசாரிக்க எங்கள் ஆட்களுக்குச் சாதி என்ற சொல்லே தேவையில்லை. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள், மூன்று கேள்வி போதும். இந்தக் கேவலமான வித்தையை நான் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் காட்டினேன். தொண்ணூறுகளின் நடுவில், டொராண்டோவின் ஸ்காபரோவில், எங்கள் வோபர்ன் அப்பார்ட்மென்டில். (செருப்பால் அடித்திருக்க வேண்டும். ஒருவரும் அடிக்கவில்லை.)

தங்கை வாசுகி, லூக் என்ற பிரெஞ்சுக்காரனைக் கட்டப்போகிறேன் என்றாள். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் இறங்கி வந்தார்.

"வெள்ளையெண்டாலும் பரவாயில்லை. ஆனா ஊர் விசாரிக்காமல் பொம்பிளை குடுக்கேலாது. நல்ல ஆக்களெண்டால் நான் ஓமெண்டுறன்."

லூக்கின் தகப்பன் பிரான்சிலிருந்து பெண் பார்க்க வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். முந்நூறு பேர் இருக்கிற ஒரு குக்கிராமம். அதன் பழைய கட்டடங்களைப் பராமரிப்பதுதான் இப்போது அவருடைய வேலை, வழிபாடு எல்லாம். இரண்டு பக்கப் பேச்சையும் மொழிபெயர்த்துச் சொல்வது நான். பாரிசில் இரண்டு வருடம் இருந்தவன் அல்லவா! வாசுகிக்கு என்னைவிட நல்ல பிரெஞ்சு வரும். ஆனால் பெண் வாய் திறக்கக்கூடாது என்று நானே சட்டம் போட்டிருந்தேன்.

வடையை நீட்டிவிட்டு ஆரம்பித்தேன். உங்கள் ஊரில் எத்தனை கிணறு? யார் யார் அள்ளுவார்கள்? தேவாலயத்தில் முன்வரிசை யாருக்கு?

மனிதர் வடையைக் கீழே வைத்துவிட்டார். கண் கலங்கியது. "இத்தனை வருடத்தில் என் மகன்கூட இதைக் கேட்டதில்லை" என்றார். பையிலிருந்து ஆல்பத்தை எடுத்தார்.

போரில் ஊரார் குளத்துக்குள் ஒளித்துவைத்த தேவாலய மணி. இடிந்துபோன பிரபுவின் மாளிகை. கடைசியில், கூரை போட்ட ஒரு நீளமான கல்தொட்டி. ஊர்ப் பெண்கள் துணி துவைத்த இடம். இவர்தான் பணம் சேர்த்துத் திருத்தினாராம்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"அவையின்ர குளமாம், அம்மா. சொந்தக் குளம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. வாசுகி என்னை முறைத்தாள். கிழவர் பக்கத்தைப் புரட்டினார். அதே தொட்டியின் ஓரத்தில் ஒரு பெண் முழங்காலில் நின்று துணியை அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மலைபோல அழுக்குத்துணி.

"என் அம்மா" என்றார் பெருமையோடு.

அந்தப் படத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"உது ஆற்ற உடுப்புகள்?" அம்மா கேட்டார்.

வாசுகிதான் பதில் சொன்னாள். "ஊராற்ற உடுப்பு அம்மா. கூலிக்குத் தோய்ச்சவா. அப்பிடித்தான் இவரைப் படிப்பிச்சவா."

அம்மா எழுந்து வடைத்தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். சூடாகக் கொண்டுவரப் போகிறார் என்று நினைத்துக் கிழவர் நன்றி சொன்னார். தட்டு திரும்பி வரவேயில்லை. அவர் காத்திருந்தார்.

வாசுகி கோட்டை மாட்டினாள்.

"அண்ணா, பாரிசில நீ என்ன செய்தனீ? சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவினனீ. இஞ்சை வந்தும் அதைத்தானே கழுவுறாய்? அந்த மனிசி தோய்ச்சால் மட்டும் நாறுதோ?"

கிழவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அந்தக் கிராமத்திலேயே கல்யாணம் நடந்தது. எங்களைக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் தபாலில் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. கிழவர் எழுதிய ஊர் வரலாறு. முதல் பக்கத்தில், 'எங்கள் கிணறுகளைப் பற்றி அக்கறையோடு விசாரித்த டொராண்டோ நண்பருக்கு' என்று என் பெயர். வாசுகி அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய தண்டனையை அவளால் யோசித்திருக்க முடியாது. அம்மா சாகும்வரை அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. மகள் வீட்டுப் படியும் மிதிக்கவில்லை. அதற்கு அரைவாசிக் காரணம் நான்.

அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகுதான் வாசுகி என்னைத் தன் வீட்டுக்குள் விட்டாள். அவள் வீட்டுச் சிங்குக்கு மேலே அந்தத் துவைக்கிற படம் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. சாப்பிட்டு முடிந்ததும் அவள் மேசையிலிருந்தே கத்துவாள்:

"தள்ளுங்கோ பிள்ளையள், ஊர் விசாரிக்கிறவர் வாறார்! சிங்கை அவருக்கு விடுங்கோ!"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் சட்டைக்கையை மடித்துக்கொண்டு போவேன். அந்த மனுஷியைப் பார்க்காமல் கழுவ முடியாத உயரத்தில்தான் படத்தை மாட்டியிருக்கிறாள்.