தேய்மானச் சான்றிதழ்

பொன்னை உரசிப் பார்க்க ஆசாரி உண்டு. மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கத் தரகர் உண்டு. மாப்பிள்ளையை எடை போட மாமியார் உண்டு. ஆனால், முப்பது வருடத்துப் பழைய கணினி விசைப்பலகை ஒன்றை மடியில் கிடத்தி, கண்ணை மூடி, ஒரே ஒரு விசையைத் தட்டி, "எண்பத்தேழு. இலையுதிர் காலம். மழை பெய்த நாளில் ஆலையில் பூட்டியிருக்கிறார்கள்" என்று அறுதியிட்டுச் சொல்லக்கூடியவர்கள் இந்தப் பூமியில் எத்தனை பேர்? சியோல் மாநகரத்தில் மட்டும் மூன்று பேர். இவர்களைப் பெற மனிதகுலம் என்ன செய்ததோ தெரியவில்லை. ஏதாவது செய்துதான் இருக்க வேண்டும்.

மூவரும் சேர்ந்த அமைப்புக்கு 'தொன்மை விசைப்பலகை மதிப்பீட்டு உயர்நிலைக் குழு' என்று பெயர். தக் என்பவருடைய பொரித்த கோழிக் கடைக்கு மேலே, மாடியில் கூடியதால் உயர்நிலை. தக் அதன் பொருளாளர். கோழியும் பீரும் அவர் பொறுப்பு. பல் மருத்துவர் ஓக் தொழில்நுட்ப உறுப்பினர். பல்லைக் குத்திப் பார்க்கும் கருவியாலேயே விசைகளையும் குத்திப் பார்ப்பார். தலைவர், பியோ இன்சு.

இன்சுவுக்கு நாற்பத்தாறு வயது. பகலில் நம்வோல் வட்ட அலுவலகத்தில், மனுக்கள் பிரிவில் பதின்மூன்று ஆண்டுகளாக அதிகாரி. அங்கே அவர் செய்த வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்பதால் மேலே போவோம்.

குழுவின் தர அட்டவணை உலகத் தரம் வாய்ந்தது. இன்சுவே இரண்டு வருடம் உட்கார்ந்து, அலுவலக நேரத்தில், எழுதியது. பெட்டியே பிரிக்காத பலகை முதல் தரம். பெட்டியைப் பிரித்து, முகர்ந்துவிட்டு மறுபடி மூடியது இரண்டாம் தரம். இப்படியே படிப்படியாக இறங்கி, கடைசித் தரத்துக்கு எதிரே ஒரே ஒரு சொல் இருந்தது: 'உழைத்தது'.

அந்த ஏப்ரல் மாதச் சனிக்கிழமை, குழு ஒரு பலகையின் வெளிர்மஞ்சள் நிறம் வெயிலால் வந்ததா, சிகரெட் புகையால் வந்ததா என்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விவாதத்தில் இருந்தபோது, ஓர் அம்மாள் துணிப்பையோடு மாடியேறி வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். இரண்டு மணிக்கட்டிலும் பட்டி கட்டியிருந்தார். பெயர் போங் சுன்யே.

"இங்கதான் பழைய கீபோர்டுக்கு வெலை சொல்றீங்களாமே? என் தங்கச்சி பையன் சொன்னான். ஏதோ ஒண்ணு கார் வெலைக்குப் போச்சாம்ல?"

"வெலை இல்லைக்கா, மதிப்பு" என்று திருத்தினார் இன்சு. "வெலைங்கறது சந்தையில. மதிப்புங்கறது இங்க."

"ரெண்டுல எது அதிகம்?"

இந்தக் கேள்வி குழுவின் வரலாற்றில் முதன்முறையாகக் கேட்கப்பட்டதால், இன்சு தர அட்டவணையைப் புரட்டிப் பார்த்தார். அதில் இல்லை.

பையிலிருந்து வந்த பலகையைப் பார்த்ததும் தக் கையிலிருந்த கோழிக்காலைக் கீழே வைத்தார். ஹன்ப்யோல் நிறுவனத்தின் எண்பத்தெட்டாம் வருடத்து மாதிரி! நாட்டிலேயே பத்துப் பதினைந்துதான் மிச்சம். இன்சு கையைத் துடைத்துக்கொண்டார். புனிதப் பொருளைத் தொடுவதுபோல் விசையைத் தொட்டார். தொட்டவர் முகம் வாடியது.

"எழுத்து எங்கக்கா?"

"எந்த எழுத்து?"

"கீ மேல எழுத்து இருக்கணும்ல? பாதிக்கு மேல வழுக்கையா இருக்கே!"

"தட்டித் தட்டிப் போயிடுச்சு தம்பி. எனக்கு எதுக்கு எழுத்து? வெரலுக்குத் தெரியுமே."

மருத்துவர் ஓக் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வாயைத் திறக்கச் சொல்லாததுதான் குறை. "கடைவாய்ப் பக்கம் எல்லாம் தேஞ்சு போச்சு. எனாமலே இல்ல. நடுவுல பாருங்க, ஸ்பேஸ் பார்ல பள்ளம்! கட்டை விரல் போட்ட பள்ளம். ஒண்ணே கால் மில்லிமீட்டர். என் இருபது வருஷ அனுபவத்துல இப்படி ஒரு சொத்தையப் பார்த்ததில்ல."

"எத்தன நாள் தட்டுனீங்க?" என்றார் தக்.

"இருபத்துநாலு வருஷம். காலையில ஒம்போது மணிலருந்து. பழைய பதிவேடு, பிறப்பு, இறப்பு, கல்யாணம், நிலம், மேல் மாடில எழுதி அனுப்புற கடுதாசி, எல்லாத்தையும் ஏத்தணும். கம்ப்யூட்டரை நாலு வாட்டி மாத்துனாங்க. கீபோர்டை மட்டும் மாத்தித் தரல. கடைசியில குப்பைக்குப் போடறோம்னாங்க. நான் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன்."

மூவரும் ஒருவரையொருவர் துக்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள். பெரிய இடத்துப் பிள்ளை கெட்டுப்போன செய்தியைக் கேட்ட சொந்தக்காரர்களின் முகம் அது.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா" என்றார் இன்சு மென்மையாக. "இதை மட்டும் தொடாம வெச்சிருந்தீங்கன்னா..."

"தொடாம எப்படித் தம்பி வேலை செய்யுறது?"

"அதான் அக்கா சொல்றேன். வேலை செஞ்சிருக்கக் கூடாது."

சுன்யே வழுக்கை விசைகளைத் தடவிப் பார்த்தார். "இருபத்துநாலு வருஷமும் சும்மா உக்காந்திருந்தா?"

"கார் வாங்கியிருக்கலாம்."

"இப்போ?"

"ரெண்டு பிளேட் கோழி" என்றார் தக். அவருக்கு இளகிய மனம். "முள்ளங்கி ஊறுகாய் இனாம்."

விற்றால் மணிக்கட்டு அறுவை சிகிச்சைக்கு ஆகுமென்று வந்தவர் அவர். ஆனாலும் அழவில்லை, சண்டை போடவில்லை. பலகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, சொன்னதை எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுப்பதென்றால் குழுவுக்குக் கொள்ளைப் பிரியம். சான்றிதழுக்கென்று கெட்டிக் காகிதம், சிவப்பு முத்திரை எல்லாம் இருந்தன. ஓக் அளந்து சொல்லச் சொல்ல, தக் கணக்குப் போட, இன்சு எழுதினார்: 'தேய்மானத்தின் ஆழம், விசைச்சுருளின் தளர்ச்சி ஆகியவற்றை ஆராய்ந்ததில், இப்பலகை ஏறத்தாழ ஏழு கோடியே இருபது லட்சம் முறை தட்டப்பட்டுள்ளது. ஒரே ஆளின் விரல்கள். இடது கட்டைவிரல் வலதைவிடக் கடுமையாக உழைத்துள்ளது. இடைவிடாத, ஓய்வில்லாத பயன்பாடு. தரம்: கடைசி.' கீழே நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

சுன்யே காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர், எழுதியதை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்தார். "நம்வோல் வட்டம், மூணாவது மாடி. பியோ இன்சு. நீங்கதானா!"

"எப்படித் தெரியும்?"

"ஒம்போது வருஷம் உங்க கோழிக்கிறுக்கலைப் படிச்சு நான்தானே தட்டினேன்! கட்டடத்துல அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். அடித்தளத்துல கொதிகலன் ரூமுக்குப் பக்கத்துல இருந்தேன். நீங்க கீழ வந்ததே இல்ல."

அது உண்மை. கோப்பைத் தட்டில் வைத்து 'கீழே' என்று எழுதினால் மறுநாள் அச்சாகி மேலே வரும். கீழே யார் என்று இன்சு ஒருநாளும் கேட்டதில்லை. மின்தூக்கியே தட்டச்சு செய்கிறது என்று அவர் நினைத்திருக்கவும் கூடும். அன்றைக்கு அவருக்குக் கோழி இறங்கவில்லை. முதன்முறையாகக் குழுவின் கூட்டம் பாதியில் கலைந்தது.

ஆறு வாரம் கழித்து, இழப்பீட்டு வாரியத்திலிருந்து வட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. போங் சுன்யே என்பவர், தட்டச்சு வேலையால் தன் இரு மணிக்கட்டின் நரம்பும் பழுதானதாக மனு கொடுத்திருக்கிறார். அவர் தட்டச்சு செய்தது உண்மையா? கடிதம் மனுக்கள் பிரிவுக்கு வந்து, இன்சுவின் மேசையில் உட்கார்ந்தது.

பிரிவுத் தலைவர் மா, பதிவேட்டைப் புரட்டினார். "போங் சுன்யே. வேலை: 'அலுவலக உதவி'. தேநீர் குடுக்கறது, கோப்பு தூக்கறது. தட்டச்சுன்னு எங்கயும் இல்ல. 'ஆதாரம் இல்லை'ன்னு எழுதி அனுப்பு."

"சார், அவங்க தட்டினாங்க. எனக்கே தெரியும்."

"எங்க பதிவாகியிருக்கு?"

"பதிவேடு மொத்தத்தையும் ஏத்தினதே அவங்கதான் சார்."

"அப்ப அவங்க பேருக்கு எதிரே அவங்களே சரியா ஏத்தியிருக்கணும்ல?" என்றார் மா. இருபத்தெட்டு வருடச் சேவை இல்லாமல் இப்படி ஒரு பதில் யாருக்கும் வராது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் உன் பதவி உயர்வுக் கோப்பு என் மேசைக்கு வருது இன்சு. அதையும் யோசி."

இன்சு யோசித்தார். அரை நிமிடம் முழுசாக யோசித்தார். பிறகு, கீழே தட்டித் தர இப்போது ஆள் இல்லாததால், 'ஆதாரம் இல்லை' என்று தன் கையாலேயே எழுதி, நீளமாகக் கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் தட்டச்சு செய்ததில்லை. ஆனால் தட்டிக் கழிக்கத் தெரியும்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சுன்யே, வேறு காகிதம் இல்லாததால், உயர்நிலைக் குழுவின் சான்றிதழையும் மனுவோடு இணைத்திருந்தார். வாரியத்தின் மேசையில் இரண்டு காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே கையெழுத்து, ஒரே கோழிக்கிறுக்கல். ஒன்று 'ஏழு கோடியே இருபது லட்சம்' என்றது, மற்றது 'இல்லை' என்றது. இன்சுவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

விசாரணை அலுவலர், முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி. எதிரே சுன்யே, மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் மா.

"ரெண்டும் நீங்க எழுதினதுதானா?"

"ஆமா மேடம்."

"இந்தக் குழுங்கறது என்ன? அரசாங்க அங்கீகாரம் உண்டா?"

"கோழிக்கடை மாடி மேடம்."

"பதின்மூணு வருஷமா அதிகாரியா இருக்கற பியோ இன்சு 'இல்ல'ங்கறாரு. கோழிக்கடை பியோ இன்சு 'உண்டு'ங்கறாரு. நான் எந்த பியோ இன்சுவை நம்புறது?"

இன்சு பின்னால் திரும்பி மாவைப் பார்க்கவில்லை. சுன்யேயின் கைகளைப் பார்த்தார். அம்மாள் தண்ணீர்க் குவளையை இரண்டு உள்ளங்கையாலும் சேர்த்து, குழந்தை பிடிப்பதுபோல் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். விரல்கள் மடங்கவில்லை. பலகைக்கு மட்டும்தான் அன்றைக்குத் தேய்மானம் பார்த்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"கோழிக்கடை இன்சுவை நம்புங்க மேடம்" என்றார். "அவன் செய்யற வேலையைச் சிரத்தையா செய்வான். உருப்பெருக்கி வெச்சுப் பார்ப்பான், அளப்பான், தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுவான். இன்னொருத்தன் கொஞ்சம் அப்படி இப்படி. ஒம்போது வருஷம் அவன் எழுதினதையெல்லாம் இந்த அக்காதான் தட்டினாங்க. அவன் ஒரு நாளும் படியிறங்கிப் போய்ப் பார்க்கல."

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. சுன்யே குவளையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "இப்ப இவர் சொன்னதைத் தட்டிக்கிட்டீங்களா?" என்று மூலையில் இருந்த தட்டச்சாளரைப் பார்த்துக் கேட்டார். "ஆச்சு அம்மா" என்றாள் அந்தப் பெண். "அது போதும்" என்றார் சுன்யே.

மூன்று வாரத்தில் இழப்பீடு உத்தரவானது. இரண்டு மணிக்கட்டுக்கும் அறுவை சிகிச்சைச் செலவை வாரியமே ஏற்றது. உத்தரவில், 'மதிப்பீட்டுக் குழுவின் சான்றிதழ் நம்பத்தகுந்த ஆவணமாக ஏற்கப்படுகிறது' என்று ஒரு வரி இருந்தது. தக் அந்த வரியைப் பெரிதாக்கிக் கடைவாசலில் ஒட்டினார்; கோழி விற்பனை கூடியது. இன்சுவின் பதவி உயர்வுக் கோப்பு மாவின் இழுப்பறைக்குள் போய், இன்றுவரை ஆரோக்கியமாக இருக்கிறது.

ஆனால் மா பழி வைத்துக்கொள்பவர் அல்ல. ஆவணம் என்றால் உருகிவிடுபவர். வாரியமே ஏற்றுக்கொண்ட சான்றிதழ் ஒன்று உலகத்தில் இருக்கும்போது அது நம் பிரிவில் இல்லையே என்று இரண்டு நாள் அவருக்குத் தூக்கமில்லை. அதுவும் இலையுதிர் காலத் தணிக்கை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இன்சு, நம்ம பிரிவுல இருக்கற முப்பத்தொரு கீபோர்டுக்கும் அந்தச் சான்றிதழ் போட்டுக் குடு."

"வேணாம் சார்."

"ஏன்?"

"நல்லா வந்துரும் சார்."

"நல்லா வரட்டும்யா! அதுக்குத்தானே கேக்கறேன்."

உத்தரவு உத்தரவுதான். உயர்நிலைக் குழு மூன்று நாள் அலுவலகத்தில் முகாமிட்டது. இன்சு தன் பலகையிலிருந்தே தொடங்கினார். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், எழுத்துகள் ஆலையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததுபோல் மின்னின. பழைய விசைப்பலகைகள் ஏலம் போகும் இணையப் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்கும் விசை மட்டும் லேசாக மழுங்கியிருந்தது. மருத்துவர் ஓக் அதைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார், அடுத்த பலகைக்கு நகர்ந்தார். மாவின் பலகையில் கண்ணாடித்தாள் உறையே இன்னும் பிரிக்கப்படவில்லை. தக் உணர்ச்சிவசப்பட்டு வணங்கிவிட்டார். வெளியில் விட்டால் கார் விலைக்குப் போகும்.

அந்த ஒரு விசையைக் கணக்கில் விட்டால், முப்பத்தொன்றுக்கும் ஒரே முடிவு. 'எழுத்து எதுவும் தேயவில்லை. உழைப்பின் அடையாளம் எதுவும் காணப்படவில்லை. பெட்டியே பிரிக்காததற்கு இணையான இந்நிலை பதினைந்து ஆண்டுகளாகக் கவனமாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. தரம்: முதல்.' கீழே இன்சுவின் நீளமான கையெழுத்து. 'முதல் தரம்' என்ற சொற்களை மட்டும் வாசித்துக் கண் கலங்கிய மா, எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டு, மக்கள் காத்திருக்கும் கூடத்தில் வரிசையாக மாட்டினார்.

வீட்டுக் கூரை ஒழுகுவதாக மனு கொடுத்துவிட்டுப் பதினோரு மாதமாக வந்துபோய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், அன்றைக்கும் தன் முறைக்காகக் காத்திருந்தார். வேறு வேலை இல்லாததால் முப்பத்தொரு சான்றிதழையும் நின்று நிதானமாகப் படித்தார். பிறகு இன்சுவின் சாளரத்துக்கு வந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இதைத்தான் தம்பி நானும் பதினோரு மாசமா கத்திக்கிட்டு இருந்தேன். நீங்கதான் முத்திரை வெச்சு எழுதிக் குடுத்திருக்கீங்க."