தலையில் ஒட்டிய ஒத்திகை

வீட்டில் படித்தவர்கள் இருப்பது நல்லதுதான். அரைகுறையாகப் படித்தவர்கள் விடுமுறைக்கு வராமல் இருந்தால் இன்னும் நல்லது. இதை அந்த அரைகுறையே சொல்கிறேன்.

அப்போது நான் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடப் பயிற்சிக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. என் அக்கா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய மகள் ராசாத்திக்கு ஆறு வயது. அவ்வப்போது வலிப்பு வரும். ஒருநாள் வகுப்பிலேயே வந்துவிட, பெரிய வாத்தியார் பயந்துபோனார். "டொக்டர்கிட்ட காயிதம் வாங்கிட்டு வாங்க. அப்புறம் பிள்ளைய அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதை ராசாத்தி லயத்து வரிசைவீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

காயிதம் தர வேண்டிய டொக்டரோ, முதலில் தலையில் வயர்களை ஒட்டி, மூளையில் ஓடும் மின் அலைகளைப் பதிவு செய்து பார்க்க வேண்டும் என்றார். அதற்குக் கொழும்பில் நாள் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

ஒருவழியாக நாள் கிடைத்தபோது இரண்டு நிபந்தனை சொன்னார்கள். தலையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. பிள்ளை பயந்து அசையக் கூடாது. முதலாவதுக்குச் சீயக்காய் போதும். இரண்டாவதுக்கு நான் கண்டுபிடித்த வழிதான் ஒத்திகை. (யாரும் கேட்கவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன்.)

விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்த நான், கொழும்புக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் பழைய சுவெட்டர் ஒன்றைப் பிரித்து நூல் எடுத்தேன். நூல்களின் ஒரு நுனியை பிஸ்கட் டின்னில் கட்டினேன். அதுதான் மெஷின். மறுநுனியைத் தலையில் ஒட்டக் கோதுமை மாவில் பசை கிண்டினேன். அந்த ஈரக் குளிரில் பசை காயவே இல்லை. நூல்கள் வழுக்கி ராசாத்தியின் காதுக்குள் விழுந்தன. அத்தோடு விட்டிருக்கலாம். நான் எடுத்த காரியத்தை விடுகிறவளா? பக்கத்தில் அக்கா கறிக்குப் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். காம்பில் பால் வடிந்தது. அதை வழித்துப் பசையில் கலந்தேன்.

ஒட்டியது. அப்படியொரு ஒட்டு!

"மொதல்ல ஒனக்கு, அப்புறம் எனக்கு" என்றாள் ராசாத்தி. நியாயமான கோரிக்கை. என் தலையில் ஒட்டிக் காட்டிவிட்டு அவள் தலையிலும் ஒட்டினேன். இரண்டு பேரும் கண்ணை மூடி அசையாமல் படுத்திருந்தோம். வேலை முடிந்து வந்த மாமா (அக்காவின் கணவர்) எட்டிப் பார்த்தார்.

"ஏன் ரெண்டு பேரையும் டின்னுல கட்டிப் போட்டிருக்கு?"

ஒத்திகை பெரும் வெற்றி. நான் எழுந்து நூலை இழுத்தேன். தலையும் கூடவே வந்தது.

வெந்நீர், சவர்க்காரம், சீயக்காய் எல்லாம் போட்டுப் பார்த்தோம். பிசின் இன்னும் இறுகியது.

"பலாப்பாலு எண்ணெய்க்குத்தான்டி விடும்" என்றாள் அக்கா. "கொழும்புல இதையெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

"எண்ணெய் கூடாதுக்கா."

"அப்ப மண்ணெண்ணெய்?"

"தலை புண்ணாயிடும்."

"அப்ப தலைய இங்கயே வச்சிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு அவளே அழுதாள். "விடிஞ்சா ரயிலு. இந்த நாளு போச்சுன்னா இவ எப்பத்தான் பள்ளிக்கூடம் போவா?"

அதற்குமேல் எனக்கு யோசனை தேவைப்படவில்லை. "மாமா, சவரக் கத்திய எடுங்க" என்றேன்.

ராசாத்தி சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லயமே அதிர அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல ஒனக்கு."

(என் முடி இடுப்பு வரைக்கும் இருந்தது. என்னிடம் அழகென்று இருந்தது அது ஒன்றுதான்.) உட்கார்ந்தேன். மாமா கத்தியைத் தீட்டிக்கொண்டே, "யாராச்சும் கேட்டா வேண்டுதல்னு சொல்லிக்க" என்று ஆறுதல் சொன்னார்.

"எந்தச் சாமிக்குன்னு கேட்டா?"

"பலாக்காய்ச் சாமிக்குன்னு சொல்லு" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கொழும்பில் மெஷினுக்குப் பொறுப்பான பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். முடியை வகிடு வகிடாகப் பிரித்து ஒட்டும் வேலை மிச்சம். அவள் பசை டப்பாவைத் திறந்தபோது மட்டும் ராசாத்தி என் கையை இறுக்கினாள்.

"சித்தி, இது பலாப்பாலா?"

இல்லை என்று நான் சத்தியம் செய்த பிறகு கல்லாகப் படுத்துவிட்டாள். பதிவு துல்லியமாக வந்தது. மாத்திரையில் அடங்கும் வலிப்புதான், பள்ளிக்கூடம் போகலாம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார்.

மறுவாரம் மாமா எங்கள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். நான் பிறவியிலேயே குள்ளம். குளிருக்கு ராசாத்தியைப் போலவே சுவெட்டர் வேறு போட்டிருந்தேன். பெரிய வாத்தியார் காயிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடிக்கு மேலாக இரண்டு மொட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு பிள்ளைக்குத்தான் காயிதம் இருக்கு. மத்தப் பிள்ளைக்கு எங்க?"

ராசாத்தி இப்போது ஐந்தாம் வகுப்பு. நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கதவை மறித்துக்கொண்டு கையை நீட்டுகிறாள்.

"காயிதம் எங்க சித்தி? இல்லாம உள்ள விட முடியாது."