பழைய எண் 41, புதிய எண் 18

ஆண்டவன் உலகத்தைப் படைத்ததோடு சரி. அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ராஜா அண்ணாமலைபுரம் ராஜகோபாலனிடம் ஒப்படைத்துவிட்டான். நெருப்பு, வெள்ளம், புயல், திருட்டு, கலவரம் என்று மனித குலத்தின் ஒவ்வொரு துன்பத்துக்கும் அவரிடம் தனித்தனிக் கட்டணம் உண்டு. ஊரார் அவரை இன்ஷூரன்ஸ் தரகர் என்பார்கள். அவருடைய விசிட்டிங் கார்டு அவரை 'இல்லப் பாதுகாப்புச் சிற்பி' என்கிறது. கார்டு பொய் சொல்லுமா?

அந்தச் சிற்பியை நம்பி வருடக்கணக்காக நிம்மதியாகத் தூங்கியவர் மயிலாப்பூர் பீர் முஹம்மது. சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, அப்பா விட்டுப்போன ஒரு பழைய வீடு, இவ்வளவுதான் அவர் சொத்து. சென்னையில் வீட்டுக்கு இரண்டு எண் உண்டு என்பது குழந்தைக்கும் தெரியும். மாநகராட்சி ஒரு சுபதினத்தில் எல்லாக் கதவுக்கும் புதிய எண் கொடுத்தது. பழைய எண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது. பீர் முஹம்மதுவின் வீடு பழைய எண் 41, புதிய எண் 18. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கேஸ் சிலிண்டர்கூட வந்து சேரும்.

ராஜகோபாலனும் பேனாவால் எழுதிய காலம் வரை இரண்டையும் சேர்த்துத்தான் எழுதினார். இந்த ஆண்டு அவர் 'டிஜிட்டலுக்கு மாறினார்'. காகிதம் ஒழிந்தது, பேனா ஒழிந்தது, எல்லாம் ஆப். வாடிக்கையாளர்களுக்கு லட்டுக் கொடுத்து இதை அறிவித்தார். அன்று முதல் தினமும் தாமரைப் படத்தோடு காலை வணக்கம் வந்தது. பீர் முஹம்மதுவுக்கு ரம்ஜான் வாழ்த்து வந்தது, தீபாவளி வாழ்த்து வந்தது, மகளிர் தின வாழ்த்துகூட வந்தது. பாலிசியைப் புதுப்பிக்கப் பணம் கட்டியபோது ஒரு பச்சை டிக் வந்தது. அதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

கார்த்திகைப் புயலில், வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் திடீரென்று விழித்துக்கொண்டு வீட்டின் மேல் வந்து படுத்தது. கூடத்துக் கூரையில் பாதி தரைக்கு வந்துவிட்டது. நல்லவேளை, பீர் முஹம்மதுவும் அவர் மனைவி ஜஹீதாவும் பின்கட்டில் இருந்தார்கள். ஓட்டையின் மேல் நீலத் தார்ப்பாய் கட்டினார்கள். கீழே அண்டா, குண்டான், பக்கெட் எல்லாம் பரப்பினார்கள்.

"அழாத. அதான் இன்ஷூரன்ஸ் கீதே," என்றார் பீர் முஹம்மது.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனியிலிருந்து கருணாகரன் வந்தார். கூரையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். மூன்றில் டேப்லெட்டைத்தான் நம்பினார்.

"இது என்ன நம்பர் பாய்?"

"பழசு நாப்பத்தொண்ணு, புதுசு பதினெட்டு சார்."

"பதினெட்டோட பாலிசி சித்திரையிலயே காலாவதி. யாரும் புதுப்பிக்கல. புதுசு நாப்பத்தொண்ணுக்குத்தான் பாலிசி இருக்கு. அது எங்க?"

"தெருக்கோடில. அது காலி மனை சார், அங்க வீடே கெடையாது!"

"அதை நான் பாத்துல்ல சொல்லணும்."

போய்ப் பார்த்தார். முட்புதர், குப்பைத் தொட்டி, உடைந்த வாஷ்பேசின், ஒரு நாய். புயல் அந்த நாயின் தூக்கத்தைக்கூடக் கலைத்ததாகத் தெரியவில்லை. நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, 'காப்பீடு செய்யப்பட்ட இடத்தில் கூரைக்குச் சேதம் ஏதுமில்லை' என்று பதிவு செய்தார் கருணாகரன். தன் கைக்காசு இத்தனை மாதமாக ஒரு தெருநாயைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்று அப்போதுதான் பீர் முஹம்மதுவுக்குத் தெரிந்தது.

கருணாகரனும் மனிதர்தான். கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நம்பரைத் தப்பா போட்டது நான்தான்னு உங்க தரகர் ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும் பாய். கம்பெனி திருத்திக்கும், கூரைக்குப் பணம் வந்துடும். ஒரே வரி."

அந்த ஒரு வரிக்காகப் பீர் முஹம்மது மந்தைவெளியில் இருந்த ராஜகோபாலனின் அலுவலகத்துக்கு ஓடினார். ராஜகோபாலன் மூக்கில் இருந்த கண்ணாடி பீர் முஹம்மதுவின் கடையில் போட்டது. ஆகவே எண் சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்ல அவருக்கு வழியில்லை. சொல்லவும் இல்லை.

"ஆப்ல கதவு நம்பருக்கு ஒரே ஒரு கட்டம்தான் பாய். ரெண்டுல ஏதோ ஒண்ணைத்தானே போட முடியும்?"

"புதுசைப் போட்டிருக்கலாமே சார்?"

"பழசுக்குன்னு ஒரு மரியாதை இருக்கோல்லியோ!"

"பேனா பழசுன்னு தூக்கிப் போட்டீங்க. நம்பர் மட்டும் பழசு வேணுமா?"

"நன்னா ஜோக் அடிக்கறேள் பாய்!" ராஜகோபாலன் மனம்விட்டுச் சிரித்தார்.

"தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். சம்சாரம் குடை புடிச்சிக்கினு சமைக்குது."

"தப்புன்னு சொல்லாதீங்கோ. 'டேட்டா மிஸ்மேட்ச்'னு சொல்லுங்கோ. அதை நான் எழுதிக் குடுத்தா உங்க க்ளெய்ம் என் பேர்ல ஏறிடும். இந்த வருஷம் என் கஸ்டமர்ல ஒருத்தருக்குக்கூட க்ளெய்ம் கிடையாது, தெரியுமோ? அதுக்காகவே எங்க சங்கத்துல 'பாதுகாப்புச் செம்மல்' விருது தரா. ஞாயித்துக்கெழமை தி.நகர்ல விழா. நீங்க அவசியம் வரணும். பாய் ஒருத்தர் மேடைல நின்னா போட்டோ நன்னா வரும். எனக்கு ஒரு பொன்னாடை போத்திட்டு ரெண்டு வார்த்தை பேசுங்கோ."

ஒருவன் வீட்டுக் கூரையைப் பறித்துவிட்டு அவனிடமே பொன்னாடை கேட்க எவ்வளவு பெரிய மனது வேண்டும்! பீர் முஹம்மது வீடு திரும்பினார்.

"இன்னாங்க சொன்னாரு?" என்றார் ஜஹீதா.

"பொன்னாடை போத்தச் சொன்னாரு."

ஜஹீதா ஒழுகிக்கொண்டிருந்த கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"போத்திட்டு வாங்க," என்றார். "வெறுங்கையோட போகாதீங்க. நான் கட்டித் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை விழா தொடங்கியது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். 'ராஜகோபாலன் காத்த வீட்டில் இந்த ஆண்டு ஒரு செங்கல் விழவில்லை' என்று சங்கத் தலைவர் தழுதழுத்தார். கைதட்டல் ஓய்ந்ததும், மனம் மகிழ்ந்த வாடிக்கையாளர் பீர் முஹம்மதுவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் கையில் ஒரு பெரிய துணிப்பை இருந்தது.

"தலைவர் சொன்னது சத்தியம்," என்றார் மைக்கில். "சார் காப்பாத்துன எடத்த என் கண்ணால பாத்தேன். ஒரு செங்கல் விழல. விழறதுக்கு அங்க செங்கலே இல்ல, நாய்தான் கீது. விழுந்ததெல்லாம் என் வூட்லதான். ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுதுனா இந்த விருது போயிடுமாம்."

ராஜகோபாலன் போட்டோவுக்குச் சிரித்த வாயை மூட மறந்து நின்றார். பீர் முஹம்மது பையிலிருந்து அழுக்கும் ஈரமுமாக ஒரு கிழிந்த நீலத் தார்ப்பாயை எடுத்து உதறி, பாதுகாப்புச் செம்மலின் தோளில் பக்குவமாகப் போர்த்தினார்.

"இது பழசு, உங்களுக்கு. புதுசு என் கூரை மேல கீது. மாத்தி எடுத்தாந்துடக் கூடாதேன்னு ரெண்டு தடவ பாத்துதான் எடுத்தேன் சார்."