பனமலை பஸ்ஸில் போன அலமேலு

அன்று காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நான் இருந்தேன், என் அக்கா இருந்தாள், அக்காவின் நான்கு வயது மகள் இனியா இருந்தாள், காதுகுத்து வீட்டில் கொடுத்த தாம்பூலப் பைகள்கூட ஐந்தும் இருந்தன. அலமேலு மட்டும் இல்லை. நாங்கள் வந்திறங்கிய பஸ் மறுபடி பனமலைக்குக் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அலமேலு அதில் ஜன்னலோரமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

அலமேலு ஒரு துணிப் பொம்மை. ஒரு கண்ணுக்குச் சட்டைப் பித்தான், இன்னொரு கண் இருந்த இடத்தில் நூல். இடது கால் எப்போதும் ஈரமாக இருக்கும். இனியா தூங்கும்போது அந்தக் காலைத்தான் வாயில் வைத்திருப்பாள்.

பொம்மையைப் பொம்மை என்று ஒரு தடவைகூடச் சொல்லாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பஸ் ஸ்டாண்டில், மின்விசிறி ஓடாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவர். பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கே அவர் ‘மைக்கு’. மைக் முன்னால் சுத்தமான எழுத்துத் தமிழ். ஸ்விட்சை அணைத்த அடுத்த நொடி செஞ்சித் தமிழ்.

பஸ்களில் குழந்தைகள் விட்டுவிட்டுப் போகிற பொம்மைகள் எல்லாம் அவர் அறைக்குத்தான் வரும். வந்தவர்களை மேஜைமேல் சுவரோரமாகச் சாய்த்து உட்கார வைப்பார். வெயில் ஏறினால் நிழலுக்கு மாற்றுவார். ஒருமுறை அனந்தபுரம் பஸ்ஸில் ஒரு ரப்பர் பொம்மை இரண்டு துண்டாகக் கிடைத்தது. மைக்கு உடனே அறிவித்தார்:

“பயணிகள் கவனத்திற்கு. அனந்தபுரம் பேருந்தில் சிறுமி ஒருவர் கண்டெடுக்கப்பட்டுள்ளார். உடல் முன் இருக்கையிலும் தலை பின் இருக்கையிலும் உள்ளன. உரியவர்கள் பதற்றமின்றி வந்து பெற்றுக்கொள்ளவும்.”

பஸ் ஸ்டாண்டு இரண்டு நிமிஷத்தில் காலி. வாழைப்பழத் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஒருவர் மார்க்கெட்வரை ஓடினார். மூச்சு வாங்க வந்த போலீஸ்காரர் மேஜையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“யோவ், பொம்மன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா?”

“பேரு தெரியல சார். பேரு தெரியலன்னா பொம்மன்னு சொல்லிடறதா? உங்க பேரு தெரியலன்னா உங்கள தொப்பின்னு சொல்லுவனா?”

சாயங்காலம் ஒரு குழந்தை அழுதுகொண்டே வந்தபோது, ரப்பர் பொம்மைக்குத் தலை பொருத்தி, தலை வாரி, பொட்டு வைத்துத் தயாராக வைத்திருந்தார்.

இந்தக் கதை எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் அன்று நான் அவரிடம் உடனே போகவில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். குழந்தைகள் அரைமணி நேரத்தில் எதையும் மறந்துவிடுவார்கள் என்று அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இனியா அழவில்லை. அக்கா ஊட்டிய இட்லியைத் துப்பிவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

“அலமேலு சாப்டுச்சா?”

தண்ணீர் கொடுத்தோம். “அலமேலு குடிச்சிச்சா?” பிஸ்கட் நீட்டினோம். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ராத்திரியும் காதுகுத்து அமளியில் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உதடு காய்ந்து, அக்கா தோளில் துவண்டுவிட்டாள். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மைக்குவின் அறைக்கு ஓடினோம். அக்கா நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“பஜார்ல அதே மாதிரி புதுசு வாங்கிக் குடுத்துடலாம்னு பாக்கறேண்ணா” என்றேன்.

“நீ படிச்சவனா தம்பி?”

“பி.எஸ்சி.ண்ணா.”

“உன் சர்ட்டிபிகேட்டு தொலஞ்சிபோனா, அதே மாதிரி வேற பேப்பர் வாங்கிக்குவியா?”

மைக்கு இனியா பக்கம் குனிந்தார். நிறம் என்ன, எவ்வளவு பெரியது என்றெல்லாம் கேட்கவில்லை.

“அலமேலுவுக்கு இன்னா புடிக்கும் பாப்பா?”

ஒரு மணி நேரமாகக் கேள்வி மட்டுமே கேட்டவள் பதில் சொன்னாள். “தயிரு சோறு. ஊறுகா வாணாம். காரம்.”

அதைத் தாளில் எழுதிக்கொண்டார். பனமலையில் பஸ் திரும்புகிற இடத்து டீக்கடைக்குப் போன் போட்டார். “ஜன்னலாண்ட ஒரு லேடீஸ் பேசஞ்சர் ஒண்டியா வந்துருக்குது, பேரு அலமேலு. பத்திரமா ஏத்தி அனுப்பு. கண்டக்டர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.” பிறகு மைக்கை அமுக்கினார். “பனமலைப் பேருந்தில் தவறுதலாகச் சென்றுவிட்ட அலமேலு என்பவர் நலமாக உள்ளார். அடுத்த நடையில் திரும்பி வருகிறார்.”

அறை வாசலில் பூக்கூடையோடு ஒரு அம்மாள் வந்து நின்றார். “யோவ் மைக்கு, நான் எங்கய்யா பனமலைக்குப் போனேன்? இங்கதான கீறேன்!”

“நீ இல்லம்மா, இது சின்ன அலமேலு. நீ போயி யாவாரத்தப் பாரு.”

பஸ் வந்தது. கண்டக்டர் அலமேலுவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். கூடவே ஒரு டிக்கெட். “வழியில செக்கிங் ஏறிட்டாங்க. லேடீஸ் பேசஞ்சர்னு சொல்லி அனுப்பிட்டாரு இவரு. டிக்கெட் இல்லாம எப்டி இட்டாறது? லேடீஸ் டிக்கெட்டே போட்டுட்டேன்.” மகளிர் இலவச டிக்கெட். கட்டணம் பூஜ்யம்.

இனியா பாய்ந்து பிடுங்குவாள் என்று நினைத்தேன். அவள் முதலில் இடது காலை முகர்ந்து பார்த்தாள். பிறகு கண்டக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அலமேலு சாப்டுச்சா?”

கண்டக்டர் திருதிருவென்று விழித்தார். “ஆங்... அனந்தபுரத்துல ஒரு வட...”

“வட காரம்!” இனியாவின் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

மைக்கு குறுக்கே பாய்ந்தார். “ஐய, அவரு குடுத்தாரு, இது வாங்கல பாப்பா. பசியோடதான் வந்துருக்குது. நீ ஊட்டுனாதான் துன்னுமாம்.”

சொல்லிக்கொண்டே தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். தயிர் சாதம். மேலே இருந்த எலுமிச்சை ஊறுகாயை விரலால் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, டப்பாவை இனியா முன்னால் வைத்தார். அலமேலுவுக்கு ஒரு வாய், இனியாவுக்கு ஒரு வாய். அலமேலுவுடைய வாயும் இனியாவின் வாய்க்குள்தான் போயிற்று. டப்பா காலியானது. அக்கா பணம் எடுத்தபோது, “அலமேலுவுக்குப் போட்ட சோத்துக்கா காசு?” என்று முறைத்தார். திருவண்ணாமலை பஸ்ஸை அறிவிக்கத் திரும்பிக்கொண்டார். அன்று மதியம் அவர் டீயும் பன்னும்தான் சாப்பிட்டார் என்று பூக்கார அம்மாள் பிறகு சொன்னார்.

இப்போதும் என்னை எங்கே பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது, “அலமேலு எப்டி இருக்குது?” நானும் அக்கம்பக்கம் பார்க்காமல், “நல்லா இருக்காங்கண்ணா” என்கிறேன்.

அலமேலுவின் டிக்கெட்டைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அக்கா லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனாள். மெஷினில் அடித்த டிக்கெட். சூடு பட்டதும் முழுக்கக் கறுத்து, ஒரு எழுத்துகூடத் தெரியாமல் போய்விட்டது. இனியா மட்டும் அதை எடுத்து வைத்துக்கொண்டு, “அலமேலு, பனமலை, மைக்கு மாமா” என்று தடங்கல் இல்லாமல் படிக்கிறாள். அலமேலு போய்த் திரும்பியதில் எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, லேமினேஷனுக்குக் கொடுத்த முப்பது ரூபாய்.